கன்பூசிய அறநெறி (சிங்கப்பூர்ப் பள்ளிப் பாடம்)

கன்பூசிய அறநெறி என்பது 1980-களில் சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட பாடம். ‘சமய அறிவு’ என்ற கட்டாயப் பாடத்தின் ஆறு பிரிவுகளுள் இதுவும் ஒன்று. சமயம் சாராத ஒழுக்கக் கல்வியாக உருவானாலும் சமயப் பாடங்களோடு ஒன்றாக வைக்கப்பட்டதே இதன் வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது.

பின்னணி

1970-களில் சீன மொழிப் பள்ளிகளில் சேர்வோர் வேகமாகக் குறைந்தனர். ஆங்கிலமே முதன்மைக் கல்விமொழி ஆனது. 1980-இல் சீன மொழிக் கல்விக்கென நிறுவப்பட்ட நன்யாங் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. மொழி மாறும்போது அதோடு வந்த குடும்ப மரபுகளும் தளரும், மேற்கத்திய தனிமனிதப் போக்கு வளரும் என்று பிரதமர் லீ குவான் இயூவின் அரசு கவலைப்பட்டது. 1979-இல் ஓங் டெங் சியோங் தலைமையிலான குழு ஒழுக்கக் கல்வியை ஆராய்ந்து மாற்றங்களைப் பரிந்துரைத்தது. 1982-இன் தொடக்கத்தில் கல்வி அமைச்சர் கோ கெங் சுவீ, உயர்நிலை மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் சமய அறிவைக் கட்டாயம் படிக்க வேண்டும் என அறிவித்தார்.

விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம் முதலியவை முதலில் முன்வைக்கப்பட்டன. எச்சமயத்தையும் சாராத சீனக் குடும்பங்களின் பிள்ளைகளையும் கருத்தில் கொண்டு கன்பூசிய அறநெறி அவற்றோடு சேர்க்கப்பட்டது. சீன மக்களிடையே பரவலாக இருந்த தாவோயிசத்துக்குத் தனிப்பாடம் இல்லை.

பாடத்திட்டம்

பாடத்தை வகுக்கத் தேவையான புலமை உள்நாட்டில் போதவில்லை. எனவே, ஹார்வர்டின் டூ வெய்மிங், யேல் பல்கலைக்கழகத்தின் யூ யிங்ஷி உள்ளிட்ட எட்டு அறிஞர்கள் வெளிநாடுகளிலிருந்து 1982-இல் அழைக்கப்பட்டனர். ஆய்வுக்கு உறுதுணையாக 1983-இல் கிழக்காசியத் தத்துவக் கழகம் நிறுவப்பட்டது. 1984 முதல் படிப்படியாக அறிமுகமான இப்பாடம் ஆங்கிலம், சீனம் ஆகிய இரு மொழிகளிலும் அமைந்தது.

கன்பூசியஸின் வாழ்க்கை, தன்னை நெறிப்படுத்திக்கொள்ளுதல், மனிதநேயம், பெற்றோரை மதித்தல், ஐந்து வகை உறவுகள் ஆகியவை இதில் இடம்பெற்றன. ஆட்சியாளருக்கு எதிர்க்கேள்வியின்றிப் பணிதல், பெண்ணை ஆணுக்குக் கீழ்ப்படுத்துதல் போன்ற பழைய கூறுகளை அப்படியே போதிப்பது நவீனச் சமூகத்துக்குப் பொருந்தாது. ஆகவே, அவற்றை விலக்கியோ மறுவிளக்கம் தந்தோ பாடம் எழுதப்பட்டது.

மாணவர் தேர்வு

எல்லா இன மாணவர்களும் இப்பாடத்தை எடுக்கலாம் என்றாலும் எடுத்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் சீனர்களே. சீன மாணவர்களுள்ளும் பெரும்பாலோர் வேறு பாடங்களையே விரும்பினர். 1989-இல் சமய அறிவு படித்தோரில் சுமார் 44 விழுக்காட்டினர் பௌத்தத்தையும், சுமார் 21 விழுக்காட்டினர் விவிலியத்தையும் தேர்ந்தெடுத்தனர். கன்பூசிய அறநெறிக்கு வந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வீட்டில் விளக்கேற்றி வணங்கும் தெய்வத்தோடு தொடர்புள்ள பாடம் பல பெற்றோருக்கு நெருக்கமாகத் தெரிந்தது. பண்டைய நூல்களிலிருந்து எடுத்த கருத்துகளோ பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தன. தமிழ் மாணவர்களில் இந்துக்களுக்கு இந்து சமயப் பாடம் இருந்தது.

நிறுத்தம்

1980-களில் படித்த இளைஞரிடையே கிறிஸ்தவம் பரவியதும், பிற சமயங்களில் எழுச்சி தோன்றியதும் அரசின் கவனத்துக்கு வந்தன. அரசுக்காகச் சமூகவியலாளர்கள் நடத்திய ஆய்வு, சமய அறிவுப் பாடம் மாணவரிடையே சமய ஈடுபாட்டை மேலும் தூண்டக்கூடும் எனச் சுட்டியது. மாணவர்களைச் சமயவாரியாகப் பிரித்து அமர்த்துவது பல்லின நாட்டுக்கு உகந்ததல்ல என்ற எண்ணமும் வலுப்பெற்றது. 1989 அக்டோபரில் கல்வி அமைச்சர் டோனி டான், சமய அறிவு இனிக் கட்டாயமில்லை என அறிவித்தார். கன்பூசிய அறநெறியும் அதோடு ஒதுக்கப்பட்டது. 1992 முதல் ‘குடிமையியலும் ஒழுக்கக் கல்வியும்’ என்ற பொதுப்பாடம் சமய அறிவின் இடத்தைப் பிடித்தது.

பின்விளைவு

1990-இல் சமய நல்லிணக்கத்தைப் பேணும் சட்டம் நிறைவேறியது. 1991 ஜனவரியில் வெளியான வெள்ளை அறிக்கை, எல்லா இனங்களுக்கும் பொதுவான ஐந்து விழுமியங்களை முன்வைத்தது. சமூகத்தைத் தனிமனிதனுக்கு மேலாக மதித்தல், குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை அலகாகக் கொள்ளுதல், மோதலைத் தவிர்த்து இணக்கம் காணுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். கன்பூசியத்தை மறைமுகமாகத் திணிக்கும் முயற்சி இது அல்ல என்று அந்த அறிக்கையே விளக்க வேண்டியிருந்தது. கிழக்காசியத் தத்துவக் கழகமும் 1992-இல் பெயர் மாறி அரசியல், பொருளாதார ஆய்வுக்குத் திரும்பியது. 1997-இல் அது சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியக் கழகமாக உருமாறியது.