மிருதார்சிங்கியும் காஷான் குயவர்களும்

கரையான்சாவடியை ஒட்டிய பூந்தமல்லியில் ஹிஜ்ரி 1063-இல் (கி.பி. 1653) ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கோல்கொண்டாவின் மீர் ஜும்லா இப்பகுதியில் அதிகாரம் செலுத்திய காலம் அது. கட்டியவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம். பாரசீக மக்கள் இங்கு வாழ்ந்தமைக்கு அதன் கல்வெட்டு சான்று. அவர்தம் மொழி நம்மிடையே ஊன்றியமைக்கோ நாட்டு மருந்துக்கடை இன்னும் நல்ல சான்று. சித்த மருத்துவர் மிருதார்சிங்கி என வழங்கும் ஈய ஆக்சைடு, பாரசீகத்தின் 'முர்தார்சங்' அன்றி வேறில்லை. ருஸ்தமின் கூட்டத்தார் கொண்டுவந்த சொல் என்று நான் வாதிடவில்லை. வணிகர் வழியே அது முன்பே வந்திருக்கலாம்.

இப்பொருளை அரபு உலகம் ஆழ்ந்து ஆராய்ந்தது. அர்-ராஸீ தம் இரசவாத நூல்களில், இயற்கையாய்க் கிடைப்பவற்றினின்று பிரித்து, மனிதன் ஆக்கும் பொருள்களின் வரிசையில் ஈய ஆக்சைடையும் செந்தூரத்தையும் வைத்தார். எனினும் தொழிற்கூடத்தின் உள்ளே நம்மை அழைத்துச் செல்பவர் அபுல் காசிம் அப்துல்லாஹ் காஷானீ. காஷானின் புகழ்பெற்ற அபூ தாஹிர் குயவர் குடும்பத்தில் பிறந்து, இல்கான் அவையின் வரலாற்றாசிரியரானவர். ஹிஜ்ரி 700-ஐ ஒட்டி எழுதிய மணிகள் பற்றிய நூலின் இறுதியில் தம் குடும்பத் தொழிலின் நுட்பங்களை வெளிப்படையாக எழுதிவைத்தார். பாண்டத்தின் உடலுக்குப் பத்துப் பங்கு படிகக்கல் தூள், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு களிமண். வெண்பூச்சுக்கு ஈயத்தையும் வெள்ளீயத்தையும் ஒன்றாக உருக்கி, மேலே படியும் சாம்பலை வழித்தெடுத்தனர். உருகிய கண்ணாடியை நீர்க்குழியில் ஊற்றுகையில் இடிபோன்ற ஓசை எழும் என்கிறார். பின்னர் அரைத்து, சலித்து, நீரில் கரைத்துப் பூசினர். தொழில் இரகசியம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே சென்ற காலத்தில் இப்படி எழுதியது சிறு செயலன்று.

நம் எழுத்தாளர் சிலர் இத்தகைய செய்தி கிடைத்தவுடன் இன்றைய அறிவியல் அனைத்தும் முன்னோர் அறிந்ததே என்று முடித்துவிடுவர். அது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று. காஷானியர் உலர்ந்த தூள்களையே நீரில் கலந்தனர். இன்றைய ஈரவழி முறையில் உலோகங்கள் உப்புகளாகக் கரைந்தே கலக்கின்றன. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடு பீங்கானை 1950-களின் தொடக்கத்தில் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர் அறிமுகப்படுத்தினர். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் தந்தால் அதிரும் இப்பீங்கான் சோனார் கருவியிலும் மருத்துவ ஸ்கேன் கருவியிலும் உள்ளது. தூள்களை அரைத்துச் சுட்டால் மணிக்கு மணி கலவை வேறுபடும். 1200 பாகையளவில் ஈயம் ஆவியாகி விகிதம் குலையும். கரைசலில் ஆக்ஸாலிக் அமிலமோ அம்மோனியாவோ சேர்த்து மூன்றையும் ஒருசேர வீழ்படியச் செய்தால் குறைந்த வெப்பத்திலேயே நுண்தூள் உருவாகும். குளோரைடு மிகுதியாகப் புகுந்தால் ஈயம் தனியே பிரிந்து படிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் நைட்ரேட்டையே நாடுவர்.

இரண்டையும் இணைப்பது ஈயத்தின் நஞ்சு. இப்பீங்கானின் எடையில் ஏறத்தாழ 64 விழுக்காடு ஈயமே. மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடைசெய்த ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் விதி நடைமுறைக்கு வந்தபோதே இதற்கு விலக்களித்தது. நிகரான மாற்று கிட்டவில்லை. காஷானில் அது புகையாகவும் தூளாகவும் தொழிலாளியின் மூச்சில் புகுந்தது. ஈரவழியில் தூசி குறைகிறது. ஆனால் வீழ்படிவைக் கழுவிய நீர் ஈயத்தைச் சுமந்தே வெளியேறுகிறது.