ஒரு வரிக் கட்டளை

பழனி மலையையும் கொடைக்கானலையும் பற்றி என் தகப்பனார் 1970-களில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நாற்பது கோப்புகள். எங்கு பார்த்தாலும் 'மதுரை மாவட்டம்'. கொடைக்கானல்தான் 1985-ல் திண்டுக்கல் மாவட்டத்தோடு போய்விட்டதே!

"கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மாமா. ஒரே வரி போதும்" என்றான் அக்காள் மகன். அவன் தட்டிய கட்டளையின் பெயர் 'செட்'.

அதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1787-88-ல் அமெரிக்காவில் மூன்று பேர் ஒரே புனைபெயரில் அரசியல் கட்டுரைகள் எழுதினார்கள். எது யாருடையது என்பதைச் சொற்களை வைத்தே கண்டுபிடிக்க ஆசைப்பட்டார், பெல் ஆய்வுக்கூடத்து லீ மக்மஹோன். கென் தாம்ஸன் 1969-ல் எழுதிய 'எட்' என்னும் கருவிக்குள் அவ்வளவு பெரிய நூல் அடங்கவில்லை. ஆகவே தாம்ஸன், அதில் தேடுகிற பகுதியை மட்டும் பிரித்து 'க்ரெப்' என்று தனிக் கருவியாக்கினார். கோப்பு முழுவதையும் விழுங்காமல், வரி வரியாக ஓடவிட்டுத் திருத்துகிற 'செட்'டை 1973-74-ல் மக்மஹோனே செய்தார். எழுதியவன் யார் என்று தேடப் போய்ப் பிறந்த குடும்பம்! எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததில் வியப்பில்லை.

முதல் தடவை 'மாவட்டம்' மாறியது. 'மாவட்டத்தில்' அப்படியே நின்றது. அத்துச் சாரியை அமெரிக்கக் கருவிக்குத் தெரியுமா? 'மதுரை மாவட்ட' என்பதோடு நிறுத்திக்கொண்டு, கொடைக்கானல் என்ற பெயர் வரும் வரிகளில் மட்டும் மாற்றச் சொன்னான் பையன். அப்போதும் பாதி மாறவில்லை. 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டாகவும் பதியலாமாம். தட்டச்சு செய்த இருவரும் ஆளுக்கொரு விதம். கண்ணுக்கு ஒரே ஊர், கருவிக்கு இரண்டு.

அதையும் சரிசெய்தான். நான் படிக்க உட்கார்ந்தேன். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் திண்டுக்கல் மாவட்டத்தில் பங்களா கட்டினார்கள்! 1909-ல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டதும் திண்டுக்கல் மாவட்டத்திலேதான்!

கட்டளையில் 'ஐ' என்ற எழுத்தோடு ஒரு வால் ஒட்டியிருந்தால் பழைய பிரதியும் தங்கியிருக்கும். அவசரத்தில் ஒட்டவில்லை. 'க்ரெப்' காட்டிய ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒப்பிட்டு, கையாலேயே திருத்தினேன். பத்து இரவுகள் ஆயின. கடைசி வரி அப்பாவின் சொந்தப் பேச்சு: "நம் மதுரை மாவட்டத்தில் சித்திரை மாதம் ஸ்வெட்டர் தேட வேண்டிய ஊர் கொடைக்கானல்தான்."

அதை அவர் எழுதியபடியே வைத்தேன்.