236 கிலோ: ஆறு வருஷம் தாமதமா வந்த தங்கம்

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

2021 ஜூலை 24, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். சீனாவின் ஹோ ஜிஹுய் 210 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். ரெண்டு நாள் கழிச்சு ஒரு செய்தி பரவுச்சு. "சீன வீராங்கனையை மறுபடி ஊக்கமருந்து சோதனைக்காக நிறுத்தி வெச்சிருக்காங்க, மீராபாய்க்குத் தங்கம் கிடைக்கலாம்" என்று. வாட்ஸ்அப்பில் மட்டுமில்ல, நம்ம நாட்டுச் செய்தித் தளங்களிலும் வந்தது. நானும் மூணு குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணினேன், கூட ஒரு கொடி எமோஜியும் போட்டு.

அந்தச் செய்தியில் உண்மை இல்லை. தங்கம் இன்னிக்கும் ஹோ ஜிஹுயிடம்தான் இருக்கு. ஆதாரமே இல்லாம ஒரு பெண்ணைத் திருடின்னு சொல்ல நானும் உதவி செஞ்சிருக்கேன். நூறு மீட்டர் நீச்சல்ல இப்படி ஒரு செய்தி வந்திருந்தா ஒரு தடவையாவது சரிபார்த்திருப்பேன். பளுதூக்குதல் என்றதும் ஏன் உடனே நம்பினேன்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்போதான் கிறிஸ்டீன் ஜிரார்ட் என்கிற பெயர் கிடைச்சது.

ஜிரார்ட் கனடாக்காரர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் 63 கிலோ பிரிவில் 228 கிலோ தூக்கி நாலாவது இடம். மூணாவதா வந்தவர் தூக்கியது 231. மூணே கிலோ. நாலாவது இடம் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியும். மேடையும் இல்ல, புகைப்படமும் இல்ல. அடுத்த நாலு வருஷம் உழைத்தார், கணவரே பயிற்சியாளர். பயிற்சிக்கூடம்? வீட்டு கராஜ்.

2012 ஜூலை 31, லண்டன். இந்த முறை ஸ்னாட்ச்சில் 103, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 133. மொத்தம் 236 கிலோ. ஸ்னாட்ச் என்றால் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல. கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் தோள் வரை, அப்புறம் தலைக்கு மேல. ரெண்டையும் கூட்டினா வர்றதுதான் மொத்த எடை. கஜகஸ்தானின் மாயா மனேஸா 245 தூக்கினார். ரஷ்யாவின் ஸ்வெத்லானா த்சருகாயேவா 237. ஜிரார்டுக்கு வெண்கலம். ஒரே ஒரு கிலோவில் வெள்ளி போச்சு. மேடையில் மூணாவது படியில் நின்றார். ஒலித்தது கஜகஸ்தானின் தேசிய கீதம்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

1954-ல் வியன்னாவில் உலகப் பளுதூக்கும் போட்டி நடந்தது. அமெரிக்க அணியோடு போன மருத்துவர் ஜான் ஸீக்லர், சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கிறாங்க என்று அங்கே தெரிந்துகொண்டார். ஊருக்குத் திரும்பியதும், "ஐயோ, இது தப்பு"ன்னு அவர் சொல்லல. சில வருஷத்தில் டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை அமெரிக்க வீரர்களுக்கே கொடுக்க ஆரம்பித்தார். அதனால, இது அந்த நாட்டுக்காரன் தப்பு, இந்த நாட்டுக்காரன் தப்புன்னு பிரிச்சுப் பேசவே முடியாது.

ஒலிம்பிக்ஸில் ஸ்டீராய்டுக்குச் சோதனை வந்தது 1976 மான்ட்ரியாலில்தான். முதல் சோதனையிலேயே பளுதூக்குதலில் தங்கம் வென்ற ரெண்டு பேர் பதக்கம் இழந்தாங்க. 1988 சியோலில் பல்கேரியாவின் ரெண்டு தங்கங்கள் போனதும் முழு அணியும் பாதியிலேயே மூட்டை கட்டிக் கிளம்பியது.

சரி, சோதனைதான் இருக்கே, அப்புறம் எப்படித் தப்பிச்சாங்க?

வீட்டில் மீன் வறுக்கிறீங்க. ஜன்னலைத் திறந்து வெச்சா சாயங்காலத்துக்குள்ள வாசனை போயிடும். ஆனா எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கு? அது மாசக்கணக்கில் இருக்கும். மருந்தும் அப்படித்தான். மருந்து உடம்பில் சிதைந்து பல மிச்சங்களாக மாறும். பழைய சோதனைகள் பிடித்தது சீக்கிரம் போகிற வாசனையை மட்டும். போட்டிக்குச் சில நாள் முன்னாடி மருந்தை நிறுத்தினா போதும், சிறுநீர் சுத்தம். பிசுக்கு மாதிரி நீண்ட நாள் தங்கும் மிச்சங்களைக் கண்டுபிடிக்கிற முறை 2012 வாக்கில்தான் வளர்ந்தது.

இதுல சினிமாவில் வெச்சா நம்ப மாட்டீங்க என்கிற மாதிரி ஒரு திருப்பம். பழைய கிழக்கு ஜெர்மனி உருவாக்கிய டுரினபால் என்ற ஸ்டீராய்டு, எத்தனையோ வீரர்களின் ரகசிய மாத்திரை. அதன் நீண்டகால மிச்சங்களைக் கண்டறிந்து 2012-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர், மாஸ்கோ ஆய்வகத்தின் தலைவர் கிரிகோரி ராட்சென்கோவ். ஆமா, 2014 சோச்சியில் ரஷ்ய வீரர்களின் சிறுநீர் பாட்டில்களை மாற்றினோம் என்று பின்னாடி உலகத்துக்கே ஒப்புக்கொண்டாரே, அதே ஆள்!

பெய்ஜிங், லண்டன் மாதிரிகளை ஒலிம்பிக் கமிட்டி குளிரில் பத்திரமா வைத்திருந்தது. ரியோ ஒலிம்பிக்ஸ் நெருங்கும் நேரத்தில் அவற்றை வெளியே எடுத்து, புது முறையில் மறுபடி சோதித்தார்கள். 2016-ல் மனேஸாவின் மாதிரியில் ஸ்டானஸோலால். 2017-ல் த்சருகாயேவாவின் மாதிரியில் டுரினபால். லண்டனில் ஜிரார்டுக்கு மேலே நின்ற ரெண்டு பேருமே போயாச்சு. பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கிய கஜகஸ்தானின் இரினா நெக்ராசோவாவும் போயாச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. லண்டன் வெண்கலம் தங்கமாச்சு. பெய்ஜிங் நாலாவது இடம் வெண்கலமாச்சு. லண்டனில் ஆறாவதா வந்த மெக்ஸிகோவின் லூஸ் அகோஸ்டாவுக்குக்கூட பதக்கம் வந்தது.

ஆண்கள் 94 கிலோ பிரிவு இதைவிட மோசம். லண்டனில் தங்கம், வெள்ளி, வெண்கலம் வாங்கிய மூணு பேரும் தகுதி இழந்தாங்க. நாலாவது ஆளும் போனார். அஞ்சாவதா வந்த ஈரான் வீரருக்குத் தங்கம், எட்டாவதா வந்த கொரிய வீரருக்கு வெள்ளி, ஒன்பதாவதா வந்த போலந்தின் டோமாஸ் ஸீலின்ஸ்கிக்கு வெண்கலம். அந்த ஸீலின்ஸ்கியே 2016 ரியோவில் ஊக்கமருந்தில் மாட்டி, போட்டியில் இறங்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இதுக்குச் சிரிக்கிறதா அழறதான்னு எனக்குத் தெரியல.

வீரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏத்தினா கதை முடிஞ்சிடாது. 2020-ல் ரிச்சர்ட் மெக்லாரன் தலைமையிலான விசாரணை அறிக்கை வந்தது. சர்வதேசப் பளுதூக்குதல் கூட்டமைப்பில் 1 கோடியே 4 லட்சம் டாலருக்குக் கணக்கு இல்லை. 40 பேர் சோதனையில் மாட்டியது மறைக்கப்பட்டிருந்தது. தமாஷ் அயான் அங்கே 20 வருஷம் தலைவர். 2022-ல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அதாவது திருடனைப் பிடிக்க வேண்டிய வீட்டிலேயே ஓட்டை. இதுக்கெல்லாம் விலை கொடுத்தது யார்? ரியோவில் பளுதூக்குதலுக்கு 260 இடங்கள் இருந்தன. பாரிஸில் 120. மருந்து எடுக்காத வீரர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வெட்டு.

ஜிரார்டிடம் திரும்பி வருவோம். 2018 டிசம்பர் 3, ஒட்டாவா. ஒரே விழாவில் ஒரு தங்கம், ஒரு வெண்கலம். பளுதூக்குதலில் கனடாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அப்போ அவர் போட்டிகளிலிருந்து விலகி, மூணு குழந்தைகளுக்கு அம்மா.

நியாயம் கிடைச்சுதா? கிடைச்சுது. பதக்கம் உண்மை, பதிவேட்டில் பெயர் உண்மை. நான் இதை எழுதும்போது மாட்டிக்கிட்டு நின்ன இடம் வேற. 2012-ல் அவர் தங்கம் வென்றவராக ஊர் திரும்பியிருந்தா வந்திருக்கக்கூடிய விளம்பரங்கள், ஸ்பான்சர், அதை டிவியில் பார்த்துப் பளுதூக்க வந்திருக்கக்கூடிய பொண்ணுங்க. அதை எந்த ஃப்ரீஸரிலிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாது. மேல இருக்கிற ரெண்டு பேரைப் பார்த்து, "நான் இன்னும் ஒரு கிலோ தூக்கியிருக்கணும்"னு அவர் எத்தனை ராத்திரி யோசிச்சிருப்பாரோ. அந்த ஒரு கிலோ அவர் கடனே இல்ல.

இப்போ மறுபடி டோக்கியோ. மீராபாய் வதந்தி பரவிய மறுநாள், ஜூலை 27. பெண்கள் 64 கிலோ பிரிவு. கனடாவின் மோட் ஷரோன் என்ற கியூபெக் மாகாணத்துப் பெண் தங்கம் வென்றார். அவர் தூக்கிய மொத்த எடை எவ்வளவு தெரியுமா?

236 கிலோ. ஒன்பது வருஷம் முன்னாடி ஜிரார்ட் தூக்கிய அதே 236.

அதே எண், அதே நாடு. ஷரோன் மேடையின் உச்சிப் படியில் நின்றார், கனடாவின் கீதம் அந்த நாளிலேயே ஒலித்தது. அந்தச் சில நிமிஷம்தான் ஜிரார்டிடமிருந்து திருடப்பட்டது.

அந்த வாரம் நான் ஃபார்வர்டு பண்ணின செய்தியை இப்போ நினைச்சா கூச்சமா இருக்கு. சந்தேகப்பட இந்த விளையாட்டே நமக்குக் கத்துக்கொடுத்தது, மறுக்கல. ஆனா ஆதாரம் இல்லாம சந்தேகப்படும்போது, ஜெயிச்சவரோட அதே சில நிமிஷத்தை நாமளும் கொஞ்சம் திருடுறோம். மீராபாயோட வெள்ளியையும்தான். 202 கிலோ தூக்கின ஒரு பெண்ணைக் கொண்டாடாம, "தங்கமா மாறுமா?"ன்னு கேட்டுட்டு இருந்தோமே.

டெலீட் ஃபார் எவ்ரிஒன் பண்ண நேரம் முடிஞ்சு போச்சு. அதனால அந்த மூணு குரூப்புக்கும் இந்த எபிசோடை அனுப்பப் போறேன். அடுத்த வாரம் சந்திப்போம்.