சிலோன், இலங்கை, தென்றல்: ஒரு வானொலியின் பெயர்களும் அதன் நேயர்களும்

1972 மே 22ஆம் தேதியோடு 'சிலோன்' என்கிற நாடு சட்டப்படி இல்லாமல் போயிற்று. ஆனால் எங்கள் சேதராப்பட்டுப் பக்கம் அறுபதைத் தாண்டியவர்களிடம் பாட்டு பற்றிப் பேச்சுக் கொடுத்தால், 'அப்பல்லாம் சிலோன்தான், வேற என்ன இருந்தது' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாடு போன பிறகும் வானொலியின் பெயர் நாக்கில் நிற்கிறது. இதை வெறும் பழைய நினைவின் சுகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர் என்பது ஓர் அழைப்பு. தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறவன், அந்தக் கணத்தில் அதிகாரத்தின் தன்னிலை ஆகிறான் என்றார் அல்தூஸ்ஸர். 'நேயர்களே' என்று கூப்பிடுகிற குரலுக்கும் இது பொருந்தும். அந்த வானொலி தன் பெயரை மாற்றிக்கொண்டே வந்த ஒவ்வொரு முறையும் யாரைக் கூப்பிட்டது, யாரைக் கூப்பிடாமல் விட்டது என்பதே என் கேள்வி.

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் ஏகலையில் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பியை நிறுவியது. போர்முனையில் இருந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போடத்தான். 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது, 'ரேடியோ சிலோன்' பிறந்தது. சிறு தீவுக்கு அவ்வளவு வலுவான பரப்பி எதற்கு? விற்கத்தான். கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் பொறுப்பேற்க, 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. யுத்தத்துக்கு வாங்கிய கருவி பற்பசை விற்கப் போயிற்று.

சந்தையைக் கொழும்புக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது டில்லி. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதன் கழுத்தை நெரித்தார். கர்நாடக, இந்துஸ்தானி சங்கீதமே 'இசை', மற்றதெல்லாம் இரைச்சல் என்ற மேல்சாதிக் கேள்வியை அரசுக் கொள்கையாக்கிய காரியம் அது. ஜனங்கள் சும்மா திருகைத் திருப்பிவிட்டார்கள். பம்பாயில் பதிவான பினாகா கீத்மாலா நாடாக்களாகக் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து இந்தியாவுக்கே திரும்பி வந்தது. ஐந்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கினார்கள். அதில் விளம்பரம் வர 1967 ஆயிற்று.

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனிக்கோணம் உண்டு. 1954 நவம்பர் 1 வரை நாங்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவர்கள். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஆக, அந்த முதல் நாலு வருஷம் இங்கே ரேடியோப் பெட்டி வைத்திருந்த சிலருக்குத் திருச்சியும் அயல்நாடு, கொழும்பும் அயல்நாடு. 'தேசிய ரசனை' என்று கேஸ்கர் பேசியபோது நாங்கள் அந்தத் தேசத்திலேயே இல்லை.

இப்போது அந்தப் பக்கம் போவோம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்த பல லட்சம் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டார்கள். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம், வாக்குரிமையும் போயிற்று. 1950இல் வர்த்தக சேவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் மண்ணில் உழைக்கிற தமிழரை 'நீ இந்தியன்' என்று தள்ளிய அரசு, கடலுக்கு இப்பால் இந்தியாவில் இருக்கிற தமிழரை 'அன்பு நேயர்களே' என்று அழைத்தது. குடிமகனாக வேண்டாம், வாடிக்கையாளனாக வா. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தவர்களுக்கு, இங்கே டீக்கடையில் ஒலித்த அந்தக் கொழும்புக் குரல் என்னவாகக் கேட்டிருக்கும்? நம் சிலோன் நினைவோடைக் கட்டுரைகளில் இந்தக் கேள்வியை நான் அதிகம் பார்த்ததில்லை.

1967இல் ரேடியோ சிலோன், 'சிலோன் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்' ஆனது. 1972இல் குடியரசு அரசியலமைப்பு வந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது சாசனத்தில் ஏறியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டது, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவு உதிர்ந்தது. கூட்டுத்தாபனத்தின் பெயரில் 'சிலோன்' போய் 'ஸ்ரீலங்கா' வந்தது. கவனிக்க வேண்டியது இங்கேதான். ஆங்கிலத்தில் பெயர் மாறியது. தமிழில்? முன்பும் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்', பின்பும் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்'. ஒரு எழுத்து மாறவில்லை. தமிழரின் அரசியல் நிலையையே புரட்டிப்போட்ட மாற்றம், தமிழில் கேட்டவன் காதில் விழாமலே நடந்து முடிந்தது. மொழிபெயர்ப்பு எப்போதும் வெளிப்படுத்தும் என்று யார் சொன்னது, மூடியும் வைக்கும். (அந்தக் 'கூட்டுத்தாபனம்' என்ற சொல்லை எங்கள் ஆட்கள் கற்றதே வானொலியில்தான். இங்கே 'கழகம்', 'வாரியம்' என்போம். அர்த்தம் தெரியாமலே அதன் ஓசைக்காக ரசித்தார்கள்.)

அறிவிப்பாளர்கள் இல்லாமல் இந்த வரலாறு இல்லை. எஸ்.பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா. திருச்சி, சென்னை நிலையங்களின் விறைத்த தமிழுக்குப் பழகிய காதுக்கு இவர்கள் உச்சரிப்பு சுத்தமாகவும் இருந்தது, நெருக்கமாகவும் இருந்தது. 'பொங்கும் பூம்புனல்', 'பிறந்தநாள் வாழ்த்து', 'பாட்டுக்குப் பாட்டு' என்று நிகழ்ச்சிப் பெயர்கள் வீட்டுச் சொற்களாயின. தபாலட்டையில் எழுதிப் போட்டால் பெயரும் ஊரும் வாசிப்பார்கள். அந்தப் பட்டியலில் ஊரா சேரியா என்ற பிரிப்பு கேட்காது. இதைப் பெரிய விடுதலை என்று ஊதிப் பெருக்க வேண்டாம். ஆனாலும் தன் பெயரைத் தானே இன்னொரு வாயால் மரியாதையோடு கேட்க வாய்க்காத ஒருவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

அதே 1970களில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் இறக்குமதிக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு போட்டது. எழுத்து வரக் கூடாது, பாட்டு போகலாம். 1983 ஜூலைக்குப் பிறகு அந்தப் பாட்டை முன்போலக் கேட்க எங்களில் பலருக்கு முடியவில்லை. இரண்டு கரையிலும் கொண்டாடப்பட்ட கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொலை செய்யப்பட்டார். குரலுக்கு இருந்த மதிப்பு குரல்வளைக்கு இல்லை.

ஃபனான் 1959இல் அல்ஜீரிய வானொலி பற்றி எழுதியது ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுக்காரன் தனக்குத்தானே பேசிக்கொள்கிற கருவி என்று அல்ஜீரியர்கள் ஒதுக்கிய அதே பெட்டியை, 1956இல் விடுதலைப் போரின் குரல் வந்ததும் தேடி வாங்கினார்கள். கேட்பதே அரசியல் செயலானது. நம் கதையில் கேட்பது கடைசிவரை கேட்பதாகவே நின்றுவிட்டது. வானொலி கேட்கிறவனைப் பேசவும் வைக்க வேண்டும் என்று பிரெக்ட் 1932இல் சொன்னது, நமக்குத் தபாலட்டையோடு முடிந்தது.

பிறகு பண்பலை. தமிழ் வர்த்தக சேவை 'தென்றல்' ஆனது. தேசமில்லை, கூட்டுத்தாபனமில்லை, வெறும் காற்று. 1998இல் இலங்கையில் தனியார் 'சூரியன்', 'சக்தி' வந்தன. தமிழ்நாட்டில் 2003இல் வேறொரு நிறுவனத்தின் 'சூரியன்' வந்து, பின்னர் புதுச்சேரிக்கும் 93.5இல் நீண்டது. அதே குழுமம் வடக்கே அதே 93.5இல் 'ரெட்' என்று பெயர் போட்டுக்கொண்டது. சரக்கு ஒன்று, வட்டாரத்துக்கொரு லேபிள். பெயர் என்றதும் நம்மவர்களுக்குச் சுரணை வராமலில்லை. 2023 மே மாதம் பிரசார் பாரதி 'ஆல் இந்தியா ரேடியோ'வை விட்டு 'ஆகாஷ்வாணி' என்றே சொல்லச் சொன்னபோது தி.மு.க.வின் டி.ஆர். பாலு மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நியாயம்தான். ஆனால் கம்பெனிக்காரன் வைக்கிற பெயருக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம் நடந்தது ஏலம். 2011ஆம் ஆண்டுக் கொள்கை, அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடத் தனியாருக்கு அனுமதி தந்தது. சொந்தச் செய்திக்கு அல்ல. சமுதாய வானொலிக்கு 2006 விதிகள் கொடுத்தது 100 வாட், மணிக்கு ஐந்து நிமிட விளம்பரம். அங்கேயும் சொந்தச் செய்தி கூடாது. காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' 107.8இல் பேசத் தொடங்கியது இந்த வரம்புக்குள்தான்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி காதில் பாட்டோடுதான் பஸ் ஏறுகிறான். 'ஹலோ யார் பேசுறீங்க, எங்கேருந்து பேசுறீங்க' என்று அந்தக் குரல் கேட்கிறது. 'சேதராப்பட்டு' என்கிறான். 'சூப்பர், என்ன பாட்டு வேணும்?' கம்பெனியில் இந்த மாசம் எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்று அது கேட்காது. அவன் சொல்ல ஆரம்பித்தால் பாட்டு வந்துவிடும்.