தேய்ந்துபோன கத்தியின் கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பெல்ட் ஒண்ணு நாமே செஞ்சு பார்க்கலாம்னு ஆசை வந்து (வேற வேலை இல்லையான்னு கேட்காதீங்க, வீட்டுல ஏற்கனவே கேட்டாச்சு :-)) தோலும் ஒரு கத்தியும் வாங்கிட்டு வந்தேன். முதல் வெட்டு அருமையாப் போச்சு. நாலாவது வெட்டில் தோல் வெட்டுப்படாமல் மடங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கிடுச்சு.

விரலில் கட்டோட, எங்க பஸ் ஸ்டாப் மூலையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் போய் நின்னேன். கத்தியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துட்டு, "மழுங்குன கத்திதான் தம்பி கையை வெட்டும். கூரா இருந்தா நீங்க அழுத்தவே வேணாமே" என்றார்.

அவர் வேலை செய்வதை அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலைந்து வெட்டு. உடனே பக்கத்தில் கிடக்கும் கல்லில் ரெண்டு இழுப்பு. அப்புறம் ஒரு பழைய தோல் பட்டையில் நாலு இழுப்பு. மறுபடியும் வெட்டு. வேலையில் பாதி தீட்டுவதுதான். கத்தி ஏன் இவ்வளவு குட்டையா இருக்குன்னு கேட்டேன். "வாங்குனப்ப இன்னும் நாலு விரக்கடை நீளம் இருந்துச்சு" என்றார்.

அந்த நாலு விரக்கடை எங்கே போச்சு? கல்லில் போச்சு. இந்த விஷயத்தைத் தொல்லியல்காரர்களும் கவனிச்சிருக்காங்க. ஜார்ஜ் ஃபிரைசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968-ல் எழுதிய கட்டுரையில், ஒரு கல் கருவி தீட்டத் தீட்ட உருவமே மாறிப்போகும், நமக்குக் கிடைப்பது அதன் கடைசி வடிவம்தான் என்று காட்டினார். இதற்கு 'ஃபிரைசன் விளைவு' என்றே பெயர் வந்துவிட்டது. வேற வேற கருவிகள் என்று நினைத்துப் பிரித்து வைத்தவற்றில் சில, ஒரே கருவியின் இளமையும் முதுமையுமாக இருக்கலாம். பெரியவரின் கத்தியை ஆயிரம் வருஷம் கழிச்சு யாராவது தோண்டி எடுத்தா, "குட்டைக் கத்தி வகை"ன்னு எழுதி வைப்பாங்க :-)

இதுக்கு நல்ல சாட்சி ஏட்சி. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, சுமார் 5,300 வருஷம் பழைய மனுஷன். உடுப்பு, தொப்பி, அம்புக்கூடு என்று அவர் மேல் இருந்ததில் பெரும்பகுதி தோல்தான். இடுப்பில் ஒரு பை, அதில் கல் சுரண்டி, துளைக்கும் கருவி, எலும்புக் குத்தூசி. இதோட, தடித்த பென்சில் மாதிரி ஒரு மரத்துண்டு, அதன் நுனியில் மான்கொம்பு முளை. என்னடா இதுன்னு ஆரம்பத்தில் யாருக்கும் புரியலை. கல் கத்தியின் ஓரத்தை அழுத்திச் சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்த்துக் கூர் ஆக்கும் கருவி அது. அந்தக் காலத்துச் சாணை! 2018-ல் வந்த ஆய்வு, அவருடைய கருவிகள் ரொம்ப உழைச்சு, திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டவை என்றும், சாவதற்குக் கொஞ்சம் முன்னாடிகூடச் சிலவற்றைத் தீட்டியிருக்கார் என்றும் சொல்கிறது. புதுசா செய்யக் கையில் கல் இல்லை. இருப்பதைத் தீட்டித்தான் ஆகணும்.

அடுத்து எகிப்து. தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை, கி.மு. 15-ம் நூற்றாண்டு. அதன் சுவர் ஓவியங்களில் தோல் தொழிலாளர்கள் இருக்காங்க. ஒருத்தர் பிறை வடிவக் கத்தியால் தோல் வெட்டுகிறார், இன்னொருத்தர் குத்தூசியால் துளை போடுகிறார். அந்தப் பிறைக் கத்தி இன்னிக்கும் சேணம் செய்பவர்கள் கையில் இருக்கு. அமெரிக்காவில் 1826-ல் தொடங்கிய ஆஸ்பார்ன் கம்பெனியும் அதைச் செய்து விற்கிறது. மூவாயிரத்து ஐநூறு வருஷத்தில் வெண்கலம் போய் எஃகு வந்தது, வடிவம் போகலை. காரணம் சுலபம். பிடி பிறையின் நடுவில் இருப்பதால் கையின் பலம் நேரா வெட்டுவாய்க்கு இறங்கும். நேர்க்கோட்டுக்குத் தள்ளலாம், வளைவுக்குத் திருப்பலாம், தடித்த இடத்தில் ஊஞ்சல் மாதிரி ஆட்டி வெட்டலாம். ஒரு பக்கம் மழுங்கினால் மறுபக்கம் இருக்கு.

சரி, பெரியவர் கல்லிலும் தீட்டி எதுக்குத் தோலிலும் தீட்டுகிறார்? கல்லில் தேய்க்கும்போது ஓரத்து இரும்பு மெல்லிசாகி மறுபக்கம் பிசிறாகச் சுருண்டு நிற்கும். நகத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். பிசிறு ஓரம் முழுக்க வந்தால்தான் அந்தப் பக்கம் தீட்டியது போதும்னு அர்த்தம். பிறகு மறுபக்கம். கடைசியில் மிச்சமிருக்கும் பிசிறை எடுக்கத்தான் தோல் பட்டை. கத்தியைப் பின்பக்கமாக மட்டுமே இழுக்கணும், முன்னால் தள்ளினால் பட்டையே வெட்டுப்படும் (செஞ்சு பார்த்தாச்சு!). பட்டையில் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பூசினால் இன்னும் நல்லது. முடிவெட்டும் கடையில் அந்தக் காலத்தில் சவரக்கத்தியைப் பட்டையில் இழுப்பாங்களே, அதேதான். தோல் வெட்டும் கத்திக்குக் கடைசிக் கூர் தருவதும் தோல்தான்.

குத்தூசிக்கும் கூர் வேணும். நல்ல தையலுக்கு உருண்டை ஊசி சரிப்படாது. சாய்சதுர வெட்டுமுகம் உள்ள ஊசி தோலைக் கிழிக்காமல் சின்னக் கீறலாகத் திறக்கும், நூல் போனதும் அந்த வாய் மூடிக்கொள்ளும். மழுங்கினால் துளை வாய் பிளந்து நிற்கும், தையல் தளரும்.

இவ்வளவு நுணுக்கத்தையும் காப்பாத்தி வந்தவங்க யார்? தெற்கு எத்தியோப்பியாவின் கோன்சோ மக்களில் பெண்கள் அண்மைக்காலம் வரை கல் சுரண்டிகளைத் தாங்களே செய்து, மரப்பிடியில் பிசின் வைத்துப் பொருத்தித் தோல் சுரண்டினார்கள். மழுங்கினால் ஓரத்தைத் தட்டிச் சில்லெடுத்துத் தீட்டுவார்கள். கேத்ரின் வீட்மன் ஆர்தர் போன்ற ஆய்வாளர்கள் இவர்களோடு இருந்து பதிவு செய்தபோது, கல் கருவி செய்வது ஆண்கள் வேலை என்ற பழைய நினைப்பு ஆட்டம் கண்டது. இந்தக் கைத்திறன் எல்லாம் இருந்தும் அங்கே தோல் தொழில் செய்பவர்களுக்குத் தாழ்ந்த இடம். விவசாயக் குடும்பங்கள் அவர்களோடு கல்யாண உறவு வைத்துக்கொள்வதில்லை.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? புறநானூற்றின் 82-ம் பாட்டு. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை கொட்டுது, பொழுதும் சாயுது. சீக்கிரம் முடிச்சுட்டு ஓடணும்னு கட்டிலுக்கு வார் பின்னும் ஒருத்தர் கையில் ஊசி பறக்கிறது. சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளியின் சண்டை அந்த ஊசியைவிட வேகம் என்கிறார் சாத்தந்தையார். மன்னனின் வேகத்துக்கு அளவுகோல் அந்தக் கைதான். ஆனாலும் அவருக்குப் பாட்டில் கிடைத்த பெயர் கீழ்மகன் என்ற பொருளில் வருவது.

ஒண்ணு சொல்லியே ஆகணும். சின்ன வயசில் எங்க தெருவுக்குச் செருப்பு தைக்க வருபவரை நாங்க எல்லாரும் "வா, போ" என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு என் தாத்தா வயசு. யாரும் திருத்தலை, எனக்கும் தோணலை. போன மாசம் இந்தப் பெரியவரிடம் "நீங்க" என்று என் வாயில் வந்தது, அவரிடம் கத்துக்க எனக்கு ஒரு விஷயம் இருந்ததால்தானோ என்று இப்போ யோசிக்கிறேன். யோசிக்க நல்லாயில்லை.

பெல்ட் முடிஞ்சாச்சு. கோணல்தான், ஆனா தையல் நிக்குது. அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கத்தியை எடுங்க, பார்ப்போம்" என்றார். பெல்ட்டைப் பற்றி ஒண்ணும் சொல்லலை :-)

உங்க ஊரில் தோல் வெட்டும் கத்திக்கு, குத்தூசிக்கு என்ன பேர்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சேர்த்து வைப்போம்.