பிரெஞ்ச் பாலிஷும் நம்ம ஊர் அரக்கும்

பழைய மர நாற்காலியைப் புதுசாக்க வேண்டும் என்றால் நம்மில் பலர் முதலில் தேடுவது உப்புத்தாள். பழைய பூச்சு போகும்வரை தேய், புது வார்னிஷ் அடி, வேலை முடிந்தது! ஆனால் அப்படித் தேய்த்துத் தூசியாக ஊதிவிடும் பூச்சுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கை கொஞ்சம் தயங்கும்.

1800-களின் தொடக்கத்திலிருந்து 1920-கள் வரை நல்ல மரச்சாமான்கள் பலவற்றுக்கும் அடித்த பூச்சுக்குப் பெயர் பிரெஞ்ச் பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு. அதன் மூலப்பொருள் நம் அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களை எரிக்க அரக்கு மாளிகை கட்டினார்களே, அதே அரக்குதான்.

அரக்கு மரத்தின் பிசின் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரப்பது. புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் இந்தப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, தம்மைச் சுற்றி ஓடு மாதிரி அரக்கைச் சுரக்கும். கிளையை வெட்டி, அரக்கைச் சுரண்டி, நொறுக்கிக் கழுவுவார்கள். பிறகு நீளமான துணிப்பைக்குள் போட்டு நெருப்பின் முன் காட்டி முறுக்கினால் உருகி வெளியே வரும். சூடு ஆறுவதற்குள் அதைக் கைகளாலும் கால்களாலும் பற்களாலும்கூடப் பிடித்து இழுத்து மெல்லிய தகடாக்குவார்கள். அந்தத் தகட்டை உடைத்தால் கிடைக்கும் செதில்தான் ஷெல்லாக்.

முதலில் ஐரோப்பியர்கள் இதில் பெரிதாக விரும்பியது சிவப்புச் சாயத்தை. 1856-ல் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பிறகு, அரக்குச் சாயத்தின் மவுசு போனது. பிசினின் மவுசு மட்டும் கூடியது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சுருண்டையில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். ஒன்றிரண்டு தடவை இல்லை, பல நாட்கள்! கண்ணாடி போல மின்னும். இங்கிருந்து கப்பலேறிய அரக்கு, பிரெஞ்ச் பாலிஷ் என்ற பெயரோடு நம் வீட்டு நாற்காலிக்கே திரும்பி வந்த கதை இது.

இசைத்தட்டுகளும் ஷெல்லாக்கில்தான் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் தட்டுப்பாடு வந்தபோது, 1942-ல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கு பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது என்றால் அதன் மதிப்பைப் பாருங்கள்.

அரக்கை வீழ்த்தியது வேகம். 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டு வந்தது. துப்பாக்கி மாதிரி கருவியில் பீய்ச்சினால் சீக்கிரமே காய்ந்துவிடும். கார்களுக்கு வந்தது மேஜைகளுக்கும் வந்தது. பிறகு பாலியூரித்தேன் வந்தது. அரக்குப் பூச்சில் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், புதியவற்றில் அந்தத் தொல்லை குறைவு. மக்கள் மாறியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அரக்குக்கு ஒரு அருமையான குணம் உண்டு. புதிதாக அடிக்கும் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சின் மேற்பரப்பைக் கரைக்கும், இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் அழுக்கைத் துடைத்துவிட்டு மேலே புதுப்பூச்சு கொடுத்தாலே பல நேரம் போதும். காய்ந்த பாலியூரித்தேன் இப்படிக் கரையாது, உரிந்தால் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுச் சாமானில் இருப்பது எது? கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். பழைய பெயிண்ட் அடித்த சாமான் என்றால் உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம், தூசி ஆபத்து.

1877-ல் லண்டனில் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். புதுப்பிக்கிறோம் என்று தேவாலயச் சுவர்களின் பழைய பூச்சைச் சுரண்டித் தள்ளியதைக் கண்டு பொங்கியவர்கள் அவர்கள். 'சுரண்டாதே சங்கம்' என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது. அவர்கள் சுவருக்குச் சொன்னது நாற்காலிக்கும் பொருந்தும். கை பட்டுப் பட்டு வழவழப்பான கைப்பிடி, இழைப்புளி ஓடிய தடம், வயதால் ஏறிய நிறம், இவற்றை ஒரு மதியத்தில் தேய்த்து எடுத்துவிடலாம். திரும்பக் கொண்டுவர எந்தக் கடையிலும் பொருள் கிடையாது.

இன்றும் உலகில் அரக்கு அதிகம் விளைவது இந்தியாவில்தான், அதில் ஜார்க்கண்டுக்குப் பெரிய பங்கு. பழைய நாற்காலிக்கு மருந்து நம் நாட்டுக் காட்டிலேயே இருக்கிறது. உப்புத்தாளை எடுக்கும் முன் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்த்துவிடுங்கள்!