அளவைப் பாத்திரமும் உருளைக் கணிதமும்

கேத்திரகணிதம் பயிலும் மாணவர் பலர், உருளையைப் பற்றிய கணக்குகளைப் பரீட்சைக்கென ஏற்பட்ட வெறும் பயிற்சிகளாகவே கருதுகின்றனர். ஆரையும் உயரமும் தரப்பட்டாற் கனவளவைக் காண்பதும், கனவளவும் உயரமும் தரப்பட்டால் விட்டத்தைக் காண்பதும் அவர்க்குப் பழகிய வினாக்கள். ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து இவ்வினாக்கள் வகுப்பறையிற் பிறந்தவை அல்ல, களஞ்சியத்திலும் சந்தையிலும் பிறந்தவை என்பது புலனாகும். உழைத்தவன் பெறும் தானியம் முறையாக அளக்கப்பட்டதா என்னும் கேள்வியே அவற்றுக்கு அடிப்படையாயிற்று.

ஏறக்குறைய 3500 ஆண்டுகளுக்கு முன், எகிப்து நாட்டில் அஹ்மெஸ் என்னும் எழுத்தன் படியெடுத்த கணக்கேட்டில் உருளை வடிவான களஞ்சியம் ஒன்று பேசப்படுகின்றது. அதன் விட்டம் 9 முழம். உயரம் 10 முழம். விட்டத்தில் ஒன்பதிலொரு பங்கைக் கழித்து, எஞ்சிய 8ஐ வர்க்கித்து, உயரத்தாற் பெருக்கி 640 கன முழம் என அவ்வேடு விடை கூறுகின்றது. இன்றைய முறைப்படி விடை ஏறத்தாழ 636 ஆகும். அக்காலத்துக்கு இது வியக்கத்தக்க நுட்பமே. சீன நாட்டில் கி.பி. 9ஆம் ஆண்டில் வாங் மாங் என்னும் அரசன் வெண்கலத்தால் உருளை வடிவான அளவைப் பாத்திரம் ஒன்றைச் செய்வித்தான். அதன் வாய்ப்பரப்பும் ஆழமும் கொள்ளளவும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டன. அளப்பவன் சொல்லை நம்பாது, பாத்திரத்தையே சான்றாக நிறுத்தும் முறை இது.

தமிழர் மரபிலும் இவ்வக்கறை நன்கு விளங்குகின்றது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. இவ்வாய்பாட்டின்படி ஒரு நாழியில் 14,400 நெல் அடங்கும். முதலாம் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெருங்கோயிலில் நெல் அளத்தற்கு இறைவன் பெயரால் ஆடவல்லான் என்னும் மரக்கால் வழங்கியது. காரிநாயனாரின் கணக்கதிகாரம், பரிதியிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்க வட்டத்தின் பரப்பு வரும் என விதிக்கின்றது. இவ்விதி முற்றிலும் சரியானது. அப்பரப்பை உயரத்தாற் பெருக்கினால் உருளையின் கனவளவு கிடைத்துவிடும். ஆயின் பரிதியை விட்டத்தின் 3.2 மடங்கெனக் கொள்ளும் வழக்கமும் தமிழ்க் கணக்கரிடை இருந்தது. கி.பி. 499இல் ஆரியபடர் தந்த 3.1416 என்னும் மதிப்பே நுட்பமானது.

இச்சிறு வேறுபாட்டால் யாது கேடு எனச் சிலர் வினவலாம். 1696–97ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று, வின்செஸ்ரர் புசல் என்பது 18½ அங்குல அகலமும் 8 அங்குல ஆழமும் கொண்ட, அடி சமமான வட்டப் பாத்திரம் என வரையறுத்தது. அதன் கனவளவு 2150.42 கன அங்குலம். பரிதியை விட்டத்தின் 3 மடங்கெனக் கொண்டு கணிப்பின் 2053.5 மட்டுமே வரும். புசலை 32 பங்காக்கினால் இக்குறைவு ஏறத்தாழ ஒன்றரைப் பங்காகும். கணக்கிற் சிறிதாகத் தோன்றுவது உலையிற் சிறிதன்று.

இனி, கனவளவு ஒத்த இரு பாத்திரங்கள் எப்போதும் ஒரே நீதியை வழங்குமோ எனின், வழங்கா. விட்டம் 4 அங்குலமும் உயரம் 8 அங்குலமும் உள்ள உருளை ஒன்று. விட்டம் 8 அங்குலமும் உயரம் 2 அங்குலமும் உள்ளது மற்றொன்று. இரண்டும் சம கனவளவின. தலைதட்டி அளந்தால் வேறுபாடு இல்லை. குவித்து அளந்தாலோ, குவியல் கூம்பு வடிவாக எழும். அக்கூம்பின் உயரம் விட்டத்தின் காற்பங்கு எனக் கொள்வோமாயின், முதற்பாத்திரத்தின் குவியல் அதன் கொள்ளளவில் 24இல் ஒரு பங்கு; இரண்டாவதன் குவியலோ மூன்றிலொரு பங்கு. விட்டம் இரட்டித்தமையாற் குவியல் எட்டு மடங்காயிற்று. வாங்கும்போது அகன்ற பாத்திரத்தாற் குவித்து வாங்கி, கொடுக்கும்போது ஒடுங்கிய பாத்திரத்தால் அளந்து கொடுப்பவன், அளவைச் சட்டத்தை மீறாமலே பிறர் பொருளைக் கவரலாம். இதனாலன்றோ ஆங்கில நாட்டில் 1834–35இற் குவியல் அளவை அறவே நீக்கப்பட்டது! பிரான்சிய நாட்டார் மெற்றிக் முறையை வகுத்தபோது, தானிய அளவைகளுக்கு விட்டமும் உயரமும் சமமாக இருத்தல் வேண்டும் என விதித்தனர்.

இலங்கையில் 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய சேர் என்னும் அளவையும் இவ்வமைப்பினதே. அதன் விட்டம் 4.35 அங்குலம், ஆழமும் 4.35 அங்குலம். பறை என்பதோ ஒவ்வொரு பக்கமும் 11.57 அங்குலமுள்ள சதுரப் பெட்டி. 24 சேர் ஒரு பறை. மாணவர் இதனைத் தாமே சோதிக்கலாம். சேரின் கனவளவு ஏறத்தாழ 64.65 கன அங்குலம். அதன் 24 மடங்கு 1551.6. பறையின் கனவளவு 1548.8. உருளையும் கனசதுரமும் இவ்வளவு நெருங்கி ஒத்துவருதல், அவற்றை வகுத்தோரின் கணிதத் திறனுக்குச் சான்றாகும்.

இக்கணிதம் கொட்டகலை போன்ற ஊர்களுக்கு மிக நெருக்கமானது. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் நெல் விளையாத மலைச்சரிவுகளிற் குடியேறினர். அவர்தம் உணவுக்கான அரிசி, தொடக்கத்தில் மாட்டு வண்டிகளிலும், இருப்புப்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தபின் புகைவண்டியிலும் மலையேறியது. தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. புசலுக்கு 32 கொத்து, கொத்துக்கு 4 சுண்டு என்பது வழக்கு. ஆகவே அளவைப் பாத்திரமே கூலியின் ஒரு பகுதியாயிற்று.

மேற்கூறிய சேரின் அளவுள்ள பாத்திரம் ஒன்றின் அடித்தகடு கால் அங்குலம் உயர்ந்திருக்கின்றது எனக் கொள்வோம். 32 முறை அளப்பின் ஒன்றேமுக்காற் பாத்திர அரிசிக்கு மேல் குறையும். உயரம் மாறாது விட்டம் கால் அங்குலம் குறையின், இழப்பு மூன்றரைப் பாத்திரத்தையும் கடக்கும். உயரத்தின் குறை ஒருமுறையே தாக்க, விட்டத்தின் குறை வர்க்கமாகித் தாக்குகின்றது. உருளையின் வாய்பாட்டை அறிந்த பிள்ளை இதனை ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வான். அறியாதவன் பானையின் அடி தெரியும் நாளிலேதான் உணர்வான்.

1970களில் மெற்றிக் முறை வந்தபின் அரிசி கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றது. சுண்டு அடுக்களையளவில் ஒதுங்கிற்று. எனினும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் நீர்த்தாங்கியும் பாற்பேணியும் உருளைகளாகவே நிற்கின்றன. எகிப்தின் களஞ்சியம் முதல் மலையகத்தின் கொத்து வரை ஓர் உண்மையே விளங்குகின்றது: அளக்கும் பாத்திரத்தை அளக்கத் தெரிந்தவனே தன் பங்கை அறிவான். கேத்திரகணிதம் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.